ஆலமரத்தின் இடப்பக்கம்

பிப்ரவரி 6, திங்கள்

புதிய கூடத்தின் திறப்பு விழா மார்ச் 12 என்று முடிவாகிவிட்டது. காலையில் மதாம் என்னையும் கலிவரதனையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். பன்னிரண்டு போன்சாய் மரங்கள் அங்கே போகின்றன. எல்லாமே பழைய தொட்டிகளில் வேர் நெருக்கியடித்து நிற்பவை. பன்னிரண்டுக்கும் புதுத் தொட்டி வேண்டும்.

“நீயே பாத்து எடு, வேணி. ஒவ்வொண்ணா எங்கிட்ட காட்டணும்னு இல்ல,” என்றார்.

லெயோனி மதாம் இப்படிச் சொல்பவர் அல்ல. இவை அவருடைய அப்பா அறுபது வருடம் வளர்த்த மரங்கள். அவர் போனபிறகு புதுச்சேரியிலிருக்கும் இந்தப் பெரிய வீட்டையே அருங்காட்சியகம் ஆக்கி, மரங்களை ஊர் பார்க்க வைத்தவர் மதாம். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நான் இங்கே டிக்கெட் கிழிக்க வந்தேன். இன்று மரங்களுக்குப் பொறுப்பு நான். மண், உரம், தூக்குவது, நீர் ஊற்றுவது கலிவரதன்.

தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் தடிமன். அது வெறும் அளவு. அளவெடுத்த பிறகுதான் வேலை. மரத்தைச் சுழல் மேசையில் வைத்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, மெல்லத் திருப்பிக்கொண்டே பார்க்கவேண்டும். ஏதோ ஓரிடத்தில் மரம் தன் முகத்தைக் காட்டும். அந்த முகத்துக்கு என்ன தொட்டி என்று அப்புறம் யோசிக்கவேண்டும்.

இன்று காகிதப்பூ. பூக்கிற மரத்துக்கு நிறம் தாங்கும். நீல மெருகு பூசிய நீள்வட்டத் தொட்டி எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

யாரோ டீயை எனக்கு இடப்பக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கை பட்டுக் கொட்டி, அளவுத் தாள் எல்லாம் நனைந்தது. சத்தம் போட்டேன். “நீதானக்கா வெச்ச,” என்றான் கலி.

பிப்ரவரி 8, புதன்

அண்ணன் இரண்டு முறை போன் செய்திருக்கிறார். வேலையில் இருந்தேன், எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

புளியமரம். நாற்பது வயது, ஒன்றரை அடி உயரம், கரடுமுரடான பட்டை. இதற்குப் பளபளப்பு ஆகாது. மெருகில்லாத செம்பழுப்பு, கனத்த விளிம்பு, செவ்வகம். கிடங்கில் எதுவும் சரிப்படவில்லை. வில்லியனூர் பக்கத்துச் சூளைக்கு ஸ்கூட்டரில் போய் நானே ஒன்றை எடுத்துவந்தேன்.

வழியில் தர்பூசணி வண்டி ஒன்று இடப்பக்கச் சந்திலிருந்து திடுமென்று வந்து முன்னால் நின்றது. ஒரு முழம் இடைவெளியில் தப்பித்தேன். வண்டிக்காரர், “இவ்ளோ பெரிய வண்டி, மெதுவா தள்ளிகினு வரன், தெரியலயாம்மா?” என்று கத்தினார். மெதுவாகவெல்லாம் வரவில்லை.

புளியை மாற்றி வைத்து முடித்ததும் கலி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“இன்னாடா?”

“ஒண்ணுமில்லக்கா. வலப்பக்கமா தள்ளி நிக்கறாப்புல இருக்குது. இடப்பக்கம் மண்ணு மட்டும் காலியா கிடக்குது.”

“அது அப்படித்தான் இருக்கணும். காலி இடம் விட்டாத்தான் மரம் நடக்கற மாதிரி இருக்கும்.”

“காகிதப்பூவயும் அப்டித்தான் வெச்ச.”

அவனுக்கு இதெல்லாம் புரிய நாளாகும்.

இடது தோளில் ஒரு கன்றிப்போன தடம். கிடங்கின் கதவு நிலையில் இடித்துக்கொண்டிருப்பேன். எப்போது என்று நினைவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

ஆலமரத்தின் முன் இன்று நாள் முழுவதும் உட்கார்ந்தேன். பன்னிரண்டில் மூத்தது இதுதான். மதாமின் அப்பா தன் கல்யாணத்து வருடத்தில் கோயில் மதில் வெடிப்பிலிருந்து பிடுங்கிவந்த கன்று என்பார்கள். இரண்டரை அடி உயரம். நான்கு விழுதுகள் மண்ணில் இறங்கிக் கால்களாகிவிட்டன. இடப்பக்கம் ஒரு பெரிய கிளை, கை நீட்டியது போல. அந்தக் கிளைதான் இந்த மரத்தின் அழகு.

முகத்தைத் தேடும்போது சில சமயம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன், ஆழம் தெரியாமல் படம் போலத் தட்டையாகத் தெரியும் என்பதற்காக. எப்போதும் இடது கண்ணைத்தான் மூடுவேன். இன்று இடது கை மண்ணாக இருந்ததால் வலது கையால் வலது கண்ணை மூடினேன்.

கிளை இல்லை.

கறுப்பாக மறைக்கவில்லை. மங்கலாகவும் இல்லை. கிளை இருக்கவேண்டிய இடத்தில் பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவர் அப்படியே தொடர்ந்தது. தொட்டியின் இடது மூலையும் இல்லை. மேசையின் விளிம்பும் இல்லை. கையை எடுத்ததும் கிளை வந்துவிட்டது.

மறுபடி மூடிப் பார்க்கவில்லை. ஆலுக்குச் சாம்பல் நிறச் செவ்வகத் தொட்டி என்று குறித்துவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

கண்ணாடி பழையது. மூன்று வருடமாகிறது. மாற்றவேண்டும்.

பிப்ரவரி 15, புதன்

கொடுக்காப்புளி, கல் இச்சி, மாதுளை. மூன்றும் முடிந்தன.

காலையில் நாள்காட்டியைப் பார்த்து, வலது கண்ணை மூடினேன். தேதி இருந்தது. கிழமை இருந்தது. அவற்றுக்கு இடப்பக்கம் இருந்த அம்மன் படம் இல்லை. பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு நல்ல கண்ணால் பார்த்தேன். நல்ல கண் என்று நான் நினைத்த கண்ணால். அம்மனின் முகம் இருந்தது, காலடி இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன், இனி எந்தக் கண்ணையும் மூடிவிடாதபடி.

பிப்ரவரி 16, வியாழன்

இன்று அண்ணனின் போனை எடுத்தேன்.

மணவாளன் அண்ணன் விழுப்புரத்தில் இருக்கிறார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு செத்துப்போனது அவருக்குத் தெரியவே இல்லை. ஐம்பத்தொரு வயதில் ஒருநாள் முத்திரை குத்தும்போது தன் விரல்மேலேயே குத்திக்கொண்டார். அப்புறம்தான் டாக்டரிடம் போனார். இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரியும். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளே நான்தான். ஆறு வருடமாகிறது.

“வேணி, நேத்து செக்கப்புக்குப் போயிருந்தன். டாக்டர் மறுபடி கேட்டாரு, கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா, அவங்களுக்கும் பாத்தாச்சான்னு. நீ அப்பவே போறன்னு சொன்னியே. போனியா?”

“போனேண்ணே. ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

“எப்ப போன?”

“அது ஆயிடுச்சு, ரெண்டு வருஷம்.”

“நல்லது. ரொம்ப நல்லது. எனக்கு அதே நெனப்பா இருந்தது, வேணி. எனக்கு வந்தது போதும்.”

அண்ணனின் குரல் அவ்வளவு லேசாகிவிட்டது. பிறகு மழை வருமா என்பது பற்றிப் பேசினோம்.

பிப்ரவரி 20, திங்கள்

ஆலமரத்தை இன்று புதுத் தொட்டிக்கு மாற்றினோம். பழைய தொட்டியிலிருந்து எடுத்தபோது வேர், தொட்டியின் உருவத்திலேயே பாய் போலப் பின்னிக்கிடந்தது. மூன்றில் ஒரு பங்கு வெட்டினேன். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு வேரையும் இடது கை விரலால் தொட்டு, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கத்திரியை வைத்தேன். அதனால் நேரமாகிவிட்டது. கலி ஒன்றும் கேட்கவில்லை. கம்பியால் கட்டி, மூங்கில் குச்சியால் மண்ணைக் குத்தி இறக்கினோம்.

நாளை புதிய கூடத்தில் பீடத்தின் மேல் வைத்துப் பார்க்கவேண்டும். பீடம் குறுகலாக இருக்கிறது. அகலமாகச் செய்யச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஆலமரம் விழுந்துவிட்டது.

பீடத்தில் வைக்கும்போது தொட்டி சரிந்து கீழே விழுந்து உடைந்தது. இடப்பக்கத்துப் பெரிய கிளை அடியோடு முறிந்துவிட்டது. பிடிக்கப் போன கலியின் வலது காலில் விழுந்து இரண்டு விரல்கள் முறிந்தன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டில் விட்டுவந்தேன்.

கலி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான்.

பிப்ரவரி 22, புதன்

மதாம் உடைந்த கிளையைத் தன் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருந்தார்.

“என்ன நடந்தது, வேணி?”

“அவன் சட்டுனு கைய விட்டுட்டான் மதாம்.”

“குடிச்சிருந்தானா?”

கலி முன்பு குடித்தவன். விட்டு இரண்டு வருடமாகிறது. விட்டதிலிருந்து ஒருநாள்கூட வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை.

“எனக்குத் தெரியல,” என்றேன்.

தெரியாது என்று சொன்னால் அது பொய்யில்லை என்று அந்த நேரத்தில் நினைத்தேன். மதாம் கிளையைத் துணியால் மூடினார். பிறகு, “கால் சரியாகற வரைக்கும் சம்பளம் குடுப்போம். அப்புறம் வரவேணாம்னு சொல்லிடலாம்,” என்றார்.

தலையாட்டினேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

சாயங்காலம் கலி வீட்டுக்கு வந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கி ஒற்றைக் காலில் தத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, வலது கையை என் முன்னால் நீட்டினான்.

“அக்கா, இத கொஞ்சம் பாரு. நடுங்குதா?”

“இல்லையே.”

“நல்லா பாரு. மதாம் ஆள் உட்டாங்க. குடிச்சியான்னு கேட்டாங்க. சத்தியமா குடிக்கலன்னு சொன்னன். எம் பொண்டாட்டி அஞ்சலாட்சிகூட நம்பல. புள்ளைய தூக்கிகினு அவங்க அம்மா வூட்டுக்குப் பூட்டா. நான் உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்கறன். நீ ‘வை’ன்னு சொன்னாப்புலதான் எனுக்கு நெனப்பு. ஆனா நீ அப்டி சொல்லியிருக்க மாட்ட, தொட்டி காலு பீடத்துமேல இல்லாமயே சொல்லுவியா? அப்ப நாந்தான் தப்பா கேட்டுகிட்டன். இல்லனா என் கையிதான் உட்டுடுச்சு. ரெண்டு வருசம் குடிக்காம இருந்தா கையி நடுங்குமாக்கா? டாக்டர்கிட்ட கேக்கலாமா?”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஆடவே இல்லை.

“போய்த் தூங்கு கலி,” என்றேன். “அப்புறம் பேசிக்கலாம்.”

பிப்ரவரி 25, சனி

கலி அவசரப்படவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலமரத்தை இரண்டு பேராகத் தூக்கினோம். கலி பின்பக்கம், நான் முன்பக்கம். கிளைகள் முகத்தை மறைப்பதால் பின்னால் பிடிப்பவனுக்குப் பீடம் தெரியாது. முன்னால் இருப்பவர் ‘வை’ என்றால் வைப்பான், ‘விடு’ என்றால் விடுவான். பதினோரு வருடமாக அப்படித்தான் தூக்குகிறோம். நான் பார்த்தேன். தொட்டியின் வலது கால் பீடத்தின் மேல் இருந்தது. இடது காலும் இருப்பதாகத்தான் தெரிந்தது. பீடத்தின் மரப்பலகை தொட்டிக்கு அடியில் நேராக ஓடுவதைப் பார்த்தேன். அங்கே பலகை இல்லை. இல்லாத பலகையை என் கண் எனக்குக் காட்டியது.

“வை,” என்றேன். “விடு,” என்றேன்.

அவன் விட்டான்.

பதின்மூன்றாம் தேதியே எனக்குத் தெரியும். தெரிந்தே இருபத்தொன்றாம் தேதி அந்த மரத்தின் முன்பக்கம் நின்றேன். பின்பக்கம் நான் பிடித்து முன்பக்கம் அவனை நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்தால் ஏன் என்று கேட்பான் என்று பயந்தேன்.

பயம் எதற்கு என்று எழுதிப் பார்க்கிறேன். கண் போய்விடுமோ என்றா? ஆமாம். ஆனால் அதைவிட, கண் போகிறது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிடுவதற்கு. அண்ணனுக்கு அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 27, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இருட்டறை. கிண்ணம் போன்ற ஒரு வெள்ளை இயந்திரம். தாடையை ஒரு மேட்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றிலும் எங்கேயாவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்தவேண்டும்.

வலது கண்ணில் கொஞ்சம் அழுத்தினேன். இடது கண்ணுக்கு வந்தபோது இயந்திரம் உள்ளே டிக் டிக்கென்று நகர்ந்துகொண்டே இருந்தது, நடுவில் ஒன்றிரண்டைத் தவிர எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எங்கோ வெளிச்சம் வருகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்பது அந்தச் சத்தத்திலிருந்து புரிந்தது. பயத்தில் தெரியாமலே இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டேன். “தெரிஞ்சா மட்டும் அழுத்துங்கம்மா,” என்றது ஒரு பெண் குரல். பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டது போல இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தாளை என் பக்கம் திருப்பினார். இடது கண்ணுக்கான வட்டத்தில் நடுவில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு வெள்ளை. மற்றதெல்லாம் கறுப்பு. வலது கண்ணில் இடது கீழ்ப்பக்கம் கறுப்பு.

“ரெண்டு கண்லயும் ஒரே பக்கம் போயிருக்கு. அதனாலதான் இடது பக்கம் கீழ உங்களுக்குத் தெரியறதில்ல. வீட்ல வேற யாருக்காவது?”

“அண்ணனுக்கு.”

“எத்தன வருஷமா?”

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“போனது திரும்பாதும்மா. மிச்சத்தக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து, தினம் ரெண்டு வேள, ஒரு வேளகூட விடக்கூடாது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். வண்டி ஓட்டறீங்களா?”

“ஓட்டறேன்.”

“இங்க எப்படி வந்தீங்க?”

“வண்டிலதான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சாவிய இங்க குடுத்துட்டுப் போங்க. யாரையாவது அனுப்பி எடுத்துக்குங்க.”

கொடுத்துவிட்டு ஆட்டோவில் வந்தேன். முன்னதாக, எழுந்து கிளம்பும்போது கதவருகில் டாக்டர் கூப்பிட்டு, “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?” என்று கேட்டார்.

இருக்கிறாள். ஒரே மகள். நிறைமதி. இருபத்தாறு வயது. ஹைதராபாத்தில் வேலை.

பிப்ரவரி 28, செவ்வாய்

மதாமின் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. கண், அண்ணன், பதின்மூன்றாம் தேதி, ‘விடு’ என்று சொன்னது, ‘தெரியல’ என்று சொன்னது எல்லாம்.

அவர் முகம் சிவந்துகொண்டே போனது. அவர் அப்பாவின் மரம் அது.

“கண்ணுக்கு நான் என்ன சொல்ல முடியும், வேணி. அது உன் தப்பு இல்ல. ஆனா இருபத்திரெண்டாம் தேதி நீ இதே எடத்துல நின்ன. இதே எடத்துல. நான் கேட்டேன்.”

“ஆமா மதாம்.”

“அந்த ஆள நான் குடிகாரன்னு நெனச்சிட்டேன். அவன் பொண்டாட்டிக்குச் சொல்லி அனுப்புனதும் நான்தான்.” எழுந்து கைப்பையை எடுத்தார். “வா. மொதல்ல அங்க போகலாம். உன் வேலையப் பத்தி வந்து பேசிக்கலாம்.”

முதலில் அஞ்சலாட்சியின் அம்மா வீட்டுக்குப் போய் அவளையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டோம். பிறகு முத்தியால்பேட்டையில் கலியின் வீட்டுக்கு. மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அஞ்சலாட்சிதான் பேசினாள். “ஏம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க வூட்டுல நாலு நாளு அடுப்பு எரிஞ்சிருக்கும். இவுரு ராவும் பகலும் கையையே பாத்துகினு உக்காந்துனு இருந்தாராம். பக்கத்து வூட்டுல சொல்றாங்க.”

கலி என்னைப் பார்க்கவில்லை. மதாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டபோது, “பரவால்ல மதாம்,” என்றான். நான் கேட்டபோது காலின் கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

“காலு முறிஞ்சது பெருசில்ல. என்னியே நான் நம்பாம பூட்டன். அதான்.”

கடைசியில் வாசல்வரை வந்து, “பாத்துப் போங்க மேடம்,” என்றான். பதினோரு வருடத்தில் அவன் என்னை மேடம் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 2, வியாழன்

வேலை போகவில்லை. ஆனால் மரங்களுக்குப் பொறுப்பு இனி கலி. நான் அவனுக்கு உதவி. மதாம் நேரடியாகச் சொன்னார், நான் நேரடியாகக் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன்.

நான் எடுத்த தொட்டிகளையெல்லாம் மதாமும் நானும் வரிசையாகப் பார்த்தோம். காகிதப்பூ, புளி, மாதுளை மூன்றும் தள்ளித்தான் நிற்கின்றன. மதாம் ஒரு நூலைப் பிடித்துக் காட்டினார். மாதுளை விளிம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றையும் மாற்றவேண்டும்.

அண்ணனுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். “மருந்து எத்தன மணிக்கு விடற?” என்று கேட்டார். காலை ஏழு, இரவு ஏழு என்றேன். “நானும் ஏழுதான். போன் பண்றன்,” என்றார்.

மார்ச் 5, ஞாயிறு

கலி காலில் கட்டுடன் வந்துவிட்டான். ஆலமரத்தை மறுபடி எடுத்தோம். விழுந்த நாளிலிருந்து ஈரச் சாக்கு சுற்றி நிழலில் கிடந்தது. பாதி இலை கொட்டிவிட்டது. இடப்பக்கம் கிளை இருந்த இடத்தில் வெள்ளையாகப் பிளந்த காயம்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றேன். அவன் மேசையைத் திருப்பினான். நான் எந்தக் காலத்திலும் முன்பக்கம் என்று நினைக்காத ஒரு பக்கத்தில் நிறுத்தினான். காயம் பின்னால் போய்விட்டது. நான்கு விழுதுகளும் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு சின்ன மண்டபம் போல.

“இதுக்குச் சாம்பல் தொட்டி ஆவாது மேடம். கனமா இருக்குது. கிளையே பூட்டுது, எதுக்கு அவ்ளோ கனம்?”

கிடங்கில் தேடி, ஆழம் குறைந்த, விளிம்பே இல்லாத, மண் நிறத் தட்டுத் தொட்டி ஒன்றை எடுத்துவந்தான். நான் இரண்டு முறை ஒதுக்கித் தள்ளிய தொட்டி. மரத்தின் அடியில் வைத்துக் காட்டினான். மரம் ஏதோ தரையிலேயே நிற்பது போல இருந்தது.

பீடத்துக்குத் தூக்கும்போது அவன் முன்பக்கம். நான் பின்பக்கம். இலை கொட்டியும் மிச்சமிருந்த கிளைகள் என் முகத்தை மறைத்தன. பீடம் தெரியவில்லை.

“வைங்க.”

வைத்தேன்.

“உடுங்க.”

என்னால் விட முடியவில்லை. விரல்கள் தொட்டியின் அடியைப் பிடித்துக்கொண்டே இருந்தன. கீழே விழும் அந்தச் சத்தம் காதில் வந்துகொண்டே இருந்தது. கலி திரும்பச் சொல்லவில்லை. காத்திருந்தான். நானாக ஒவ்வொரு விரலாக எடுத்தேன்.

நின்றது.

மார்ச் 9, வியாழன்

பின்கட்டில் இறங்கும்போது, “அக்கா, படி! படி!” என்று கலி கத்தினான். நின்றுவிட்டேன். இடது கால் காற்றில் இருந்தது. அவன் வாளியைப் போட்டுவிட்டு நொண்டி ஓடிவந்து கையைப் பிடித்தான். அப்புறம் அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 12, ஞாயிறு

திறப்பு விழா. பதினோரு மரங்கள். ஆலமரத்தை மட்டும் பீடத்திலிருந்து எடுத்துவிட்டோம். பார்வையாளர் கூட்டமும் விளக்குச் சூடும் இப்போது அதற்கு ஆகாது என்று கலி சொன்னான், மதாம் கேட்டுக்கொண்டார். அது நிழல்வலைக்குள் இருக்கிறது. பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

மார்ச் 13, திங்கள்

நிறைமதியிடம் போனில் சொன்னேன். முதலில் என்னைப் பற்றி. அழுதாள். பிறகு அவளும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றேன்.

“எனக்கெல்லாம் நல்லாத்தான் தெரியுதும்மா. இப்ப ஆபீஸ்ல ரிலீஸ் டைம். ஏப்ரல்ல பாக்கலாம். நீ உன் ஆபரேஷனப் பாரு.”

“ஏப்ரல்ல கண்டிப்பா போவியா?”

“போறேம்மா. சும்மா பயப்படாத.”

என் கண்ணுக்கு நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை. அண்ணனுக்கு ‘போறேன்’ என்று நான் சொன்னபோதும் குரல் இப்படித்தான் இருந்திருக்கும்.

மதாமிடம் மூன்று நாள் விடுப்பு கேட்டேன். கலி ரயில் டிக்கெட் போட்டுக்கொடுத்தான். கீழ்ப் படுக்கை, வலப்பக்கச் சன்னல் என்று அவனே பார்த்து எடுத்திருக்கிறான்.

மார்ச் 17, வெள்ளி. ஹைதராபாத்

சொல்லாமல் வந்து அவள் வீட்டு வாசலில் நின்றேன். தனியாகவா வந்தாய் என்று திட்டினாள். பிறகு ஆபீசுக்குப் போன் செய்து அரைநாள் கேட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் அவளை இருட்டறைக்குள் கூட்டிப்போனார்கள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து டிக் டிக்கென்று இயந்திரம் நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு டிக்குக்கும் அவள் பட்டனை அழுத்துகிறாளா என்று கேட்க முயன்றேன். கேட்கவில்லை. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கதவைப் பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் தெலுங்கில் ஏதோ கேட்டார். “என் பொண்ணு,” என்றேன் தமிழில். அவர் தலையாட்டினார்.

அப்புறம் கண்ணில் மருந்து விட்டு, உள்ளே நரம்பைப் பார்த்தார்கள். அதற்கு ஒரு மணி நேரம்.

டாக்டர் தாளைக் காட்டினார். இரண்டு வட்டங்களும் வெள்ளையாக இருந்தன. காதுப் பக்கமாக ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. “அது எல்லாருக்கும் இருக்கறதும்மா,” என்றாள் நிறை, டாக்டர் சொன்னதை எனக்குத் தமிழில் மாற்றி. “நரம்பு நல்லா இருக்காம். பிரஷரும் சரியா இருக்காம். வருஷா வருஷம் வந்து பாக்கணுமாம்.”

அந்தத் தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் வெயில். மருந்து விட்டதில் அவள் கருமணிகள் பெரிதாக விரிந்துகிடந்தன. கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

“ஐயோ, ஒண்ணுமே தெரியலம்மா, எல்லாம் பளபளன்னு இருக்கு. என்னப் பிடிச்சுக்கோ.”

பிடித்துக்கொண்டேன். எனக்கு இடப்பக்கம் தெரியவில்லை, அவளுக்கு எந்தப் பக்கமும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது படிகள். காலால் தடவித் தடவி, ஒவ்வொரு படிக்கும் “இருக்கு”, “இருக்கு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்கினோம்.